மகளுக்குப் புரதப் படிகவியலில் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா?

பறக்கை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் எம்எஸ்சி இயற்பியல் முடித்து ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியிருக்கிறாள். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புரதப் படிகவியலில் பிஎச்டி சேரக் கூப்பிட்டிருக்கிறார்கள். புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்கதிரால் அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்கிற துறையாம். அவளுக்கு ரொம்ப ஆசை. குழப்பமெல்லாம் எங்களுக்குத்தான். என் தம்பி ஐடியில் இருக்கிறான். "அக்கா, அந்த வேலையை இப்போது கம்ப்யூட்டரே பார்த்துவிடுகிறது, பிள்ளையின் ஐந்து வருஷத்தை வீணாக்காதே" என்கிறான். நான் கணக்கு டீச்சர். படிகம் என்றால் எனக்குத் தெரிந்தது கற்கண்டும் படிகாரமும்தான். இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது நம்ம ஊர்ப்பக்கம் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். அவளுக்கு எப்போது கல்யாணம் என்று மாமியார் கேட்கிறார், அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

தக்கலை கோடர் எழுதியது:

டீச்சர், உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. 2020 கடைசியில் ஆல்ஃபாஃபோல்டு என்கிற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்தபோதே கதை முடிந்துவிட்டது. புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் வடிவத்தை அதுவே போட்டுக் கொடுத்துவிடும், டீ குடித்து வருவதற்குள். அதைச் செய்தவர்களுக்கு 2024இல் வேதியியல் நோபலும் கொடுத்தாயிற்று. கையால் நெல் குற்றப் படிக்க வைப்பது போலத்தான் இது. பிள்ளை இயற்பியல் படித்திருக்கிறாள், டேட்டா சயன்ஸ் பக்கம் வரச் சொல்லுங்கள்.

இரணியல் மூன்றாம் ஆண்டு எழுதியது:

டீச்சர், நான் இதே துறையில் பிஎச்டி மூன்றாம் வருஷம். "அனுப்பாதீங்க" என்று சொல்லத்தான் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். இரண்டு வருஷமாகப் படிகம் வளர்க்கத் தட்டு போடுகிறேன், நுண்ணோக்கியில் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. சில சொட்டுகள் தெளிவாகவே இருக்கும், சில சொட்டுகளில் திரிந்த பால் மாதிரி வண்டல். ஓணத்துக்கு ஊருக்கு வந்தால் பெரியம்மா, "என்ன மக்ளே, கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்கிறார். ஆனால் நேற்று ஒரு தட்டில் மூலையில் ஏதோ மினுங்கியது. அதனால் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாமல் போகிறேன்.

புத்தளத்தான் எழுதியது:

டீச்சர், நான் இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இரணியல் தம்பி, அந்த மினுக்கத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை யாருக்கும் போன் போட வேண்டாம்.

எங்கள் ஊர் புத்தளம். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. பள்ளி லீவில் நானும் பாத்தியில் இறங்கி உப்பு வாரியிருக்கிறேன். கடல் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குப் போகப் போக அடர்த்தி அளக்கிற டிகிரி ஏறும். 25 தாண்டினால் உப்பு விழத் தொடங்கும். 30க்குப் போக விடாமல் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும், விட்டால் மக்னீசிய உப்பு சேர்ந்து கசக்கும். அவசரமாக வற்றினால் பொடி, ஆற அமர வற்றினால் கல். படிகவியல் என்று பின்னால் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் பாதி இதுதான்.

புரதப் படிகத்துக்குப் பாத்தி ரொம்பச் சின்னது. 24 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழிக்குள் அரை மில்லி கரைசல், அம்மோனியம் சல்ஃபேட் மாதிரி ஏதாவது. ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் புரதம் ஒரு மைக்ரோலிட்டர், அதே குழிக் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர் சேர்த்து ஒரு சொட்டு. கடுகைவிடச் சின்னதாக இருக்கும். சில்லைத் தலைகீழாகக் கவிழ்த்து, கிரீஸ் தடவிய குழி விளிம்பில் அமுக்கி மூட வேண்டும். சொட்டில் கரைசலின் செறிவு பாதிதானே? அதனால் சொட்டிலிருந்து நீர் ஆவியாகிக் குழிக்குள் போய்ச் சேரும். சொட்டு மெல்ல மெல்லச் சுருங்கும், புரதம் நெருக்கப்படும். கொடுப்பினை இருந்தால் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொள்ளும். பெரும்பாலும் அடுக்கிக்கொள்ளாது. எந்த உப்பு, எந்த பிஎச், எந்தச் சூடு என்று முன்கூட்டிச் சொல்ல இன்றைக்கும் வழி இல்லை. நூற்றுக்கணக்கில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு முதல் படிகம் பதினோராவது மாதம் வந்தது. ஓரமெல்லாம் கூராக, பட்டை தீட்டிய மாதிரி, நுண்ணோக்கியில் அப்படி ஒரு அழகு. ராத்திரி ஒன்பது மணிக்கு கைடு வீட்டுக்குப் போன் போட்டுவிட்டேன். அவர் லுங்கியோடு வந்தார். பார்த்தார். "ஊசியால் குத்து" என்றார். பதினோரு மாதம் காத்திருந்து வந்ததைக் குத்த எவனுக்கு மனசு வரும்? குத்தினேன். கிரிக் என்று தெறித்துச் சில்லுச் சில்லாகப் போனது. "உப்பு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். ஊசி பட்டால் ஆறிப்போன அல்வா மாதிரி நசுங்கும், தெறிக்காது. நான் பாஸ்பேட் பஃபரில் புரதத்தை வைத்துக்கொண்டு குழியில் கால்சியம் போட்டிருந்தேன், இரண்டும் சேர்ந்து கால்சியம் பாஸ்பேட் வளர்ந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உப்பு எடுக்கவா மக்ளே அவ்வளவு தூரம் போன?" என்று கேட்டார்.

நிஜப் படிகம் அதற்கு ஆறு மாதம் கழித்து, நான் கழுவி வைக்க மறந்துபோன ஒரு தட்டில் இருந்தது. அதை எக்ஸ்கதிரில் வைத்தால் அடுத்த தலைவலி. எக்ஸ்கதிர் படிகத்தில் பட்டுச் சிதறிப் புள்ளி புள்ளியாக விழும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்பது பதிவாகும். அந்த அலை ஏற்றத்தில் வந்ததா இறக்கத்தில் வந்ததா என்பது பதிவாகாது. முட்டம் பாறையில் உட்கார்ந்து அலைகளின் உயரத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, எது முன்னால் வந்தது எது பின்னால் வந்தது என்பதை விட்டுவிட்டால் கடலைத் திரும்ப வரைய முடியுமா? அந்த மாதிரி. மாக்ஸ் பெருட்ஸ் 1937இல் ஹீமோகுளோபினில் கை வைத்தவர், பாதரசம் மாதிரியான கன அணுவைப் படிகத்துக்குள் புகுத்தி இதைத் தாண்டலாம் என்று காட்டியதே 1953இல்தான். நானும் பாதரச உப்பில் ஊற வைத்தேன். ஊற வைத்ததெல்லாம் விரிசல் விட்டது. கடைசியில் பாக்டீரியாவுக்கு செலினியம் கலந்த மெத்தியோனைனைத் தீனியாகப் போட்டு, புரதத்துக்குள்ளேயே செலினியம் இருக்கும்படி செய்து வடிவத்தைக் கண்டுபிடித்தோம். எழுதி அனுப்பத் தயாரானபோது வேறொரு நாட்டுக் குழு அதே புரதத்தை வெளியிட்டுவிட்டது. மூன்று வாரம் முந்திவிட்டார்கள்.

இதெல்லாம் பயமுறுத்த இல்லை. உள்ளதைச் சொல்லுங்கள் என்றீர்கள்.

இரணியல் தம்பி: முதலில் குத்திப் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, குத்த மனமில்லை என்றால் சொட்டில் மெத்திலீன் நீலம் துளி விடுங்கள். புரதம் என்றால் சாயத்தைக் குடித்து நீலமாகும். உப்பு குடிக்காது.

மார்த்தாண்டம் ரிட்டையர்டு எழுதியது:

அருமையான இழை. நான் 35 வருஷம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தவன். இந்தத் துறை நமக்கு அந்நியம் இல்லை டீச்சர். இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கிண்டியில் உட்கார்ந்துகொண்டு, 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் தசைநாரிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழை முறுக்கு அமைப்பைச் சொன்னார். பக்கத்திலேயே தோல் ஆராய்ச்சி நிறுவனம், அங்கிருந்துதான் மாதிரி வாங்கினார்கள். அது என்ன தெரியுமா? கங்காரு வால் தசைநார்! அடையாற்றில் கங்காரு வால். நமக்கெல்லாம் இதைப் பாடத்தில் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு போட்ட அந்தக் கோண வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் வளையலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் என்பது. இன்றைக்கும் உலகத்தில் எந்த ஊரில் புரத வடிவம் கண்டுபிடித்தாலும் அந்தப் படத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியிடுகிறார்கள்.

குலசேகரம் பால்வெட்டு எழுதியது:

நான் படித்தது பத்தாவது. ரப்பர் வெட்டு. ராத்திரி மூன்று மணிக்கு ஹெட்லைட் கட்டிக்கொண்டு போனால் ஏழு மணிக்குத் திரும்புவேன். இந்த இழையை முழுசாகப் படித்தேன், பாதிதான் விளங்கியது, ஆனால் அந்த உப்புக் கதைக்குச் சிரித்துவிட்டேன். ஒரு சந்தேகம். எங்கள் ரப்பர் பாலில் இந்தப் புரதம் உண்டுமா அண்ணே?

புத்தளத்தான் எழுதியது:

உண்டு அண்ணே, நன்றாகவே உண்டு. பால் எடுத்துச் சிரட்டையில் அப்படியே விட்டால் தானாக உறைகிறதல்லவா, வெட்டின இடத்தில் ஒட்டுப்பால் படிந்து அடைத்துக்கொள்கிறதல்லவா? அதில் ஒரு புரதத்துக்குக் கை இருக்கிறது. ஹெவின் என்று பேர், ரப்பர் மரத்தின் அறிவியல் பேரான ஹீவியாவிலிருந்து வந்தது. 43 அமினோ அமிலம்தான், குட்டியூண்டு.

பாலை அதிவேகத்தில் சுழற்றினால் அடுக்கடுக்காகப் பிரியும். மேலே ரப்பர், நடுவில் தெளிந்த நீர், அடியில் லூட்டாய்டு என்கிற நுண்ணிய பைகள். ஹெவின் அந்தப் பைக்குள் இருக்கும். நீங்கள் கத்தி வைத்ததும் பைகள் உடையும். வெளியே வரும் ஹெவின் ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று கோத்துவிடும், காயம் மூடிக்கொள்ளும். பூஞ்சையின் சுவரில் இருக்கும் கைட்டினையும் அது பிடித்துக்கொள்ளும், அதாவது மரத்துக்கு மருந்தும் அதுதான் கட்டும் அதுதான். ஆஸ்பத்திரிக் கையுறை போட்டால் சிலருக்கு அரிக்கிறதே, அதற்கும் இந்த ஹெவின் ஒரு காரணம். அதே பாலில் ஹெவமைன் என்று இன்னொன்று, கைட்டினை வெட்டுகிற நொதி. அதன் படிக வடிவத்தை 1994இல் நெதர்லாந்துக்காரர்கள் வெளியிட்டார்கள்.

ரப்பரை விடுங்கள், சக்கைக்கொட்டைக்கு, அதாவது பலாக்கொட்டைக்கு வருவோம். நாம் அவியலில் போடுகிற அதே கொட்டை. அதில் ஜாக்கலின் என்று ஒரு புரதம், சர்க்கரை மூலக்கூறுகளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழு 1996இல் அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தது. சங்கிலி மடிந்து முப்பட்டகம் மாதிரி நிற்கிறது. இப்படிச் சர்க்கரையைப் பிடிக்கிற புரதங்களுக்கு லெக்டின் என்று பேர், அந்த வகையில் அதுவரை யாரும் பார்க்காத மடிப்பு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கொட்டைக்குள் அந்தப் புரதம் உருவான பிறகு, சங்கிலி ஓரிடத்தில் வெட்டப்படுகிறது. வெட்டினதால் ஒரு புது முனை வருகிறது. கேலக்டோஸ் என்கிற சர்க்கரையைப் பிடிப்பதற்கு அந்தப் புது முனைதான் காரணம். அறுபட்ட இடமே கையாக மாறிய மாதிரி. இது வரிசையை மட்டும் படித்தால் தோன்றுகிற விஷயமா? நிலக்கடலை லெக்டினையும் அதே குழுதான் 1994இல் செய்தது. விஜயன் திருச்சூர்க்காரர், 2022இல் காலமானார். ஆக்ஸ்ஃபோர்டில் படிகவியல் அறிஞர் டோரதி ஹாட்ஜ்கினிடம் வேலை செய்து, 1969 இன்சுலின் வடிவத்தில் பங்கெடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்.

இரணியல் தம்பிக்காக ஒன்று: ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை எக்ஸ்கதிரில் முதல் படம் எடுத்தது 1935இல். வடிவம் கிடைத்தது 1969. நடுவில் 1964இல் வேறு வேலைக்காக நோபலே வாங்கிவிட்டார். உங்களுக்கு இரண்டு வருஷம்தான் ஆகிறது.

தக்கலை கோடர் எழுதியது:

கதையெல்லாம் நன்றாக இருக்கிறது சார், மரியாதையோடு சொல்கிறேன். ஆனால் எல்லாம் பழைய கதை. 1935, 1954, 1996. டீச்சர் கேட்டது அடுத்த முப்பது வருஷத்தைப் பற்றி. 34 வருஷம் எடுத்த வேலையை ஒரு மென்பொருள் டீ நேரத்தில் முடிக்கிறது என்றால் அதைத்தானே நான் சொன்னேன்? மருந்து மூலக்கூறு எப்படி ஒட்டும் என்பதைக்கூடப் புதுப் பதிப்பு கணிக்கிறது.

புத்தளத்தான் எழுதியது:

தம்பி, கோபப்படவில்லை, நானும் ஆல்ஃபாஃபோல்டைத் தினமும் பயன்படுத்துகிறவன்தான். இப்போது என் மாணவிகளுக்குப் பாதரசம் தேவைப்படுவதில்லை. கணித்த மாதிரியை வைத்தே அந்த அலைச் சிக்கலை அவிழ்த்துவிடுகிறார்கள். நான் ஒன்றரை வருஷம் அழுத இடத்தை அவர்கள் ஒரு மத்தியானத்தில் தாண்டுகிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அது எதைப் படித்துக் கற்றுக்கொண்டது? புரதத் தரவு வங்கியை. 1971இல் ஏழே ஏழு வடிவங்களோடு ஆரம்பித்தது, இப்போது இரண்டு லட்சத்துக்கு மேல். பெரும்பாலானவை யாரோ ஒருவர் இப்படிக் குனிந்து நுண்ணோக்கியில் பார்த்துக் கழுத்து வலி வாங்கி எடுத்தவை.

பழைய கதை வேண்டாம் என்றதால் போன வருஷத்துக் கதை. ஒரு நொதி, அதன் வாயில் ஒரு நெகிழ்வான வளையம். கணிப்பில் வளையம் மூடியிருந்தது, நம்பிக்கை மதிப்பெண்ணும் உயர்வாகவே வந்தது. நாங்கள் ஒரு மூலக்கூறோடு சேர்த்துப் படிகமாக்கினோம். எக்ஸ்கதிர்த் தரவிலிருந்து கிடைக்கிற எலக்ட்ரான் அடர்த்திப் படத்தில் பார்த்தால் வளையம் விரியத் திறந்து, மூலக்கூறு நாங்கள் நினைத்த பக்கத்துக்கு நேரெதிராகத் திரும்பிப் படுத்திருந்தது. கணிப்பு பொய் என்று சொல்ல வரவில்லை. மூடிய வடிவமும் நிஜம்தான், அந்த நொதி இரண்டு மாதிரியும் இருக்கும். எந்த மூலக்கூறு வந்தால் எந்த வடிவத்தில் நிற்கும் என்பதுதான் மருந்து செய்கிறவனுக்கு வேண்டியது. அதை இன்றைக்கும் படிகத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம்.

நெல் குற்றுகிற உவமை சொன்னீர்கள். நான் சொல்வது விதைநெல்லை.

தக்கலை கோடர் எழுதியது:

சரி சார், அந்த வளைய விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இருபது பேர் செய்த வேலைக்கு இனி ஐந்து பேர் போதும் என்பதில் நான் மாறவில்லை.

புத்தளத்தான் எழுதியது:

அதை நானும் மறுக்கவில்லை.

பறக்கை டீச்சர் எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மகளும் படித்தாள், சக்கைக்கொட்டை பகுதியை அவள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு இன்னும் இரண்டு கேள்விகள். உயிரியலே படிக்காத பிள்ளை இதில் தாக்குப்பிடிப்பாளா? முடித்த பிறகு வேலை?

இரணியல் மூன்றாம் ஆண்டு எழுதியது:

டீச்சர், காசு விஷயம் நான் சொல்கிறேன். ஜேஆர்எஃப் மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் மாதா மாதம் வரும் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை எனக்கு ஐந்து மாதப் பணம் சேர்த்து வந்தது, அதுவரை அண்ணன்தான் அனுப்பினான். முதல் வருஷம் கையில் கொஞ்சம் இருப்பு வைத்து அனுப்புங்கள்.

சேருவதற்கு முன் அந்த ஆய்வுக்கூடத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகளிடம் பேசச் சொல்லுங்கள். கைடு நல்லவரா என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். போன வருஷம் முடித்தவருக்கு எத்தனை வருஷம் ஆனது என்று கேட்டால் உண்மை வரும்.

அப்புறம், மெத்திலீன் நீலம் விட்டேன். நீலமாகவில்லை.

புத்தளத்தான் எழுதியது:

வாருங்கள் தம்பி, சங்கத்தில் சேர்ந்துவிட்டீர்கள்.

டீச்சர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஎச்டி முடித்த பிறகுதான் உயிரியல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். 2000இல், செல்லுக்குள் புரதம் செய்கிற ரைபோசோமின் சிறிய பாதியின் வடிவம், 2009இல் நோபல். எல்லோரும் அப்படி ஆகிவிட மாட்டோம், அது வேறு. ஆனால் இயற்பியல் படித்த பிள்ளைக்கு எக்ஸ்கதிர்ப் பகுதி எளிது. பாக்டீரியா வளர்த்துப் புரதத்தைச் சுத்தம் செய்வதுதான் முதல் வருஷம் திணறடிக்கும். குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். ஊரிலிருந்து போகும்போது பனியனோடு போகாமல் இருந்தால் சரி.

வேலை: பேராசிரியர் பதவி எண்ணி எடுத்தால் சிலவே, அதை நம்பிப் போக வேண்டாம். பெங்களூர், ஐதராபாத் மருந்து நிறுவனங்களில் எடுக்கிறார்கள். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான். இரண்டு பேர் படிகத்தை விட்டுவிட்டு குளிர்மின்னணு நுண்ணோக்கிக்குப் போனார்கள், பெரிய மூலக்கூறுகளுக்குப் படிகமே வேண்டாம் என்கிற முறை அது. ஒருத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்கூல் டீச்சராகிச் சந்தோஷமாக இருக்கிறாள். படிகம் மட்டும்தான் தெரியும் என்கிற நிலையில் வெளியே வரக்கூடாது. நிரல் எழுதத் தெரிய வேண்டும். அதற்குத் தக்கலைத் தம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தக்கலை கோடர் எழுதியது:

பைத்தான் நான் சொல்லித் தருகிறேன் டீச்சர். காசு வேண்டாம், சக்கைக்கொட்டை போதும்.

பறக்கை டீச்சர் எழுதியது:

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மகள் சேர்ந்துவிட்டாள். ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு மாமியார் என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறார். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கோழிமுட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுத்த லைசோசைம் என்கிறாள். சாயங்காலம் சொட்டு வைத்து, காலையில் பார்த்தால் கற்கண்டு மாதிரி ஏழெட்டு. ஒன்றை ஊசியால் குத்திப் பார்த்தாளாம், நசுங்கியதாம். ஒரே ராத்திரியில் வந்துவிட்டதே, நீங்கள் எல்லோரும் பதினோரு மாதம், பதினேழு மாதம் என்று சொல்லிப் பயமுறுத்தினீர்களே?

புத்தளத்தான் எழுதியது:

லைசோசைம் எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் வரும் டீச்சர். பழகுவதற்கென்றே கொடுக்கிற புரதம் அது. அவளுடைய சொந்தப் புரதத்துக்கு முதல் தட்டு போட்ட பிறகு எழுதுங்கள்.